கொங்குச் சந்தையில சுறா: எதை வாங்கலாம், எதை விடணும், வாங்காம விட்டா கடல்ல என்ன மாறும்?

#1 நொய்யல்கரை

வணக்கமுங்க. பிள்ளை பெத்தவங்களுக்குச் சுறாப்புட்டு ஆக்கிப் போடறது நம்ம பக்கம் வழக்கம். கோயமுத்தூர், திருப்பூர், ஈரோடு எந்த மீன் மார்க்கெட்டுல போய் "பால் சுறா"ன்னு கேட்டாலும் எடுத்து வெட்டித் தர்றாங்க. ஆனா அழியற நிலையில இருக்கற சுறாவும் அதே பலகையில, அதே பேர்ல விக்குதுன்னு பேச்சு அடிபடுது. விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க. எதை விக்கக் கூடாதுன்னு சட்டம் இருக்குது? கடைல நின்னுட்டே கண்டுபிடிக்க வழி இருக்குதா? கடலே இல்லாத ஊர்ல நாம வாங்காம விட்டா அங்க ஏதாச்சும் மாறுமா? "பாவம், விட்டுருங்க"ன்னு மட்டும் பதில் போட வேண்டாமுங்க.

#2 அலைமகள்

சட்டத்தை முதலில் முடித்துவிடலாம். பலரும் பழைய பட்டியலை வைத்துக்கொண்டே பேசுகிறார்கள்.

அடிப்படை 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம். 2001 மே மாதம் திமிங்கலச் சுறாவை முதல் பட்டியலில் சேர்த்தார்கள். அதே ஆண்டு ஜூலையில் சுறா, திருக்கை, உழுவை (முன்பாதி திருக்கை போலவும் பின்பாதி சுறா போலவும் இருக்கும் மீன்) எல்லாவற்றையும் ஒட்டுமொத்தமாகச் சேர்த்தார்கள். கடலோரத்தில் எதிர்ப்பு கிளம்பியதும் டிசம்பரில் பத்து இனமாகக் குறைத்தார்கள். திமிங்கலச் சுறா, ரம்பம் போல மூக்கு நீண்ட வேளா மீன் வகைகள், கங்கைச் சுறா, பாண்டிச்சேரிச் சுறா, பெரிய உழுவை ஒன்று, முள் திருக்கை ஆகியவை அந்தப் பத்தில் அடக்கம். பாண்டிச்சேரிச் சுறா 1979க்குப் பிறகு உறுதியாகப் பதிவாகவே இல்லை. பெயர் பட்டியலில் இருக்கிறது, மீனைக் காணோம்.

2022இல் சட்டம் திருத்தப்பட்டு 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆறு பட்டியல் நான்காகிவிட்டது. முதல் இரண்டு பட்டியல்களில் சுறா, திருக்கை இனங்கள் முன்பைவிடக் கூடுதல். நான்காவது பட்டியல் சைட்டிஸ் என்ற பன்னாட்டு வணிக உடன்படிக்கையில் உள்ள உயிரினங்களுக்கானது. முதல் பட்டியல் உயிரினத்தை வேட்டையாடினாலோ விற்றாலோ 3 முதல் 7 ஆண்டு சிறை, குறைந்தது 25,000 ரூபாய் அபராதம். மீன் இறங்குதளங்களில் இன்னும் தொங்கும் "பாதுகாக்கப்பட்ட பத்து இனம்" படத்தை நம்பி யாரும் தீர்ப்புச் சொல்ல வேண்டாம்.

துடுப்பு தனி விஷயம். உடலோடு துடுப்பு ஒட்டியபடியேதான் சுறாவைக் கரைக்குக் கொண்டுவர வேண்டும் என்று 2013 ஆகஸ்டில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் அறிவித்தது. 2015 பிப்ரவரியில் எல்லாச் சுறா இனங்களின் துடுப்பு ஏற்றுமதிக்கும் தடை வந்தது. அந்தத் தடை ஏற்றுமதிக்குத்தான். பட்டியலில் இல்லாத சுறாவின் கறியை உள்ளூரில் விற்கத் தடை கிடையாது.

#3 ஊஞ்சமரம்

கொம்பன் சுறா, அதான் சுத்தியல் தலைச் சுறா, சைட்டிஸ்ல இருக்குதே, அப்ப உக்கடம் மீன் மார்க்கெட்டுல வித்தா குத்தமா?

#4 அலைமகள்

சைட்டிஸ் நாடு விட்டு நாடு போகும் வணிகத்துக்கான ஒப்பந்தம். 2013இல் பாங்காக் கூட்டத்தில் மூன்று வகைக் கொம்பன் சுறாக்களை இரண்டாம் இணைப்பில் சேர்த்தார்கள். 2016இல் பட்டுச் சுறாவும் நீளவால் சுறாக்களும், 2019இல் மாக்கோ சுறாக்களும் பெரிய உழுவை வகைகளும் சேர்ந்தன. 2022இல் பனாமா கூட்டத்தில் ஒரு குடும்பத்தையே முழுசாகச் சேர்த்துவிட்டார்கள். நம் பால் சுறா, கருந்துடுப்புச் சுறா எல்லாம் அந்தக் குடும்பம்தான். இரண்டாம் இணைப்பில் இருந்தால் ஏற்றுமதிக்கு அனுமதிச் சீட்டு வேண்டும், அந்த இனத்துக்குக் கேடு இல்லை என்ற அறிவியல் சான்றும் வேண்டும். உள்ளூர் பலகையில் விற்பதை அது தானாகத் தடுக்காது. உள்நாட்டுக்கு ஒவ்வொரு இனத்தையும் திருத்தப்பட்ட முதல் இரண்டு பட்டியலில் அறிவியல் பெயரோடு ஒப்பிட்டுத்தான் சொல்ல முடியும். வெறும் "சுறா" என்று எழுதிய ரசீதை வைத்து யாராலும் சொல்ல முடியாது.

#5 உக்கடம்தராசு

அக்கா சொன்னது சரிதானுங்க. ஆனா பலகைக்கு வர்றப்ப மீன் எப்படி இருக்குதுங்கறதுதான் இங்க சிக்கல். தலையும் துடுப்பும் போயி, குடல் எடுத்து, உருளையா வந்துட்டா ஆளாளுக்கு ஒரு பேரு வெச்சுக்கலாம். முழு மீனா இருந்தா இப்படிப் பாருங்க.

மொதல்ல செவுள் வெடிப்பு. கழுத்தோட ரெண்டு பக்கமும் அஞ்சஞ்சு வெடிப்பு இருந்தா சுறா. திருப்பிப் போட்டுப் பாக்கறப்ப வெடிப்பு அடிப்பக்கம் இருந்தா அது திருக்கை, உழுவை சாதி. உழுவையோட பின்பாதி அச்சு அசல் சுறாதான். வெட்டிட்டா "சுறாத் துண்டு"ன்னே போயிரும். இதை முக்கியமாச் சொல்லக் காரணம், பெரிய உழுவை வகைக நெலம சுறாவ விட மோசம்.

கொம்பனுக்குத் தலையே அடையாளம், அதனாலதான் தலை மொதல்ல போகுது. தலை முன்விளிம்புல நடுவுல ஒரு பள்ளம் விழுந்திருந்தா ஒரு வகை, விளிம்பு நேரா இருந்து முதுகுத் துடுப்பு அரிவாளாட்டம் உசரமா நின்னா பெரிய கொம்பன்.

நெசமான பால் சுறாவுக்கு வாய் ரெண்டு ஓரத்துலயும் நீளமா ஒரு கோடு பள்ளமா ஓடும், விரல் வெச்சாத் தெரியும். முதுகுல ரெண்டாவதா இருக்கற சின்னத் துடுப்பு, அடிவயித்துல வாலுக்கு முன்னால இருக்கற துடுப்ப விடப் பின்னால தள்ளித்தான் தொடங்கும். துடுப்பு நுனியில அடர்கருப்புத் திட்டு இருக்காது. நம்ம கடல்ல பெருசுன்னாலும் ஒரு மீட்டர் பக்கம்தான். ஆக, குறுக்க வெட்டுன துண்டு ஒரு சாண் அகலம் இருந்தா அது பால் சுறாவே இல்ல, எவ்வளவு சத்தியம் பண்ணுனாலும். மூக்கு நல்லாத் தட்டையா, முக்கால் மீட்டருக்குள்ளயே நிக்கற இன்னொரு சின்னச் சுறாவும் இதே பேர்ல வரும்.

#6 அலைமகள்

தராசு அண்ணா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன், இதை மட்டும் எல்லாரும் பழகிக்கொண்டால் போதும். மீனை மல்லாத்தி, இரண்டு மார்புத் துடுப்புக்கும் நடுவே பாருங்கள். பிறந்து சில வாரமே ஆன குட்டிக்கு அங்கே ஒரு கீறல் திறந்தபடியோ, அரைகுறையாக ஆறியபடியோ இருக்கும். அது தொப்புள் தழும்பு. பெரும்பாலான சுறாக்கள் முட்டையைத் தண்ணீரில் விடுவதில்லை, குட்டி போடுகின்றன. பால் சுறாவின் கொடியே தாயின் கருப்பையோடு இணைந்திருக்கும். பால் சுறாக் குட்டி பிறக்கும்போது 25 முதல் 39 செ.மீ. தலை நடுவில் பள்ளம் விழுந்த கொம்பனின் குட்டி 40 முதல் 55 செ.மீ. அந்தக் கொம்பனில் பெண் 2 மீட்டர் தாண்டித்தான் குட்டி போடும் பருவத்துக்கு வரும். இரண்டடிக் கொம்பனைக் "சின்னச் சுறா, பிஞ்சுக் கறி" என்று எடுத்துக் கொடுத்தால், அது அந்த வருடம் பிறந்தது.

ஆணா என்று பார்க்க அடித்துடுப்பை ஒட்டி இரண்டு குழல் இருக்கும். மெத்தென்று வளைந்தால் பருவத்துக்கு வராதது, உள்ளே சுண்ணாம்பு ஏறி விறைப்பாக நின்றால் வந்தது.

கணக்கு இதுதான். மத்தி மீன் ஒன்று பல்லாயிரம் முட்டை போடும். பால் சுறா ஏறத்தாழ ஒரு வருடம் சுமந்து, பெரும்பாலும் இரண்டு முதல் ஐந்து குட்டி போடும். 1970 முதல் அரை நூற்றாண்டில் உலகின் திறந்த பெருங்கடலில் வாழும் சுறா, திருக்கை எண்ணிக்கை 71 சதவீதம் சரிந்ததாக 2021இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு சொல்கிறது. அதே 2021இல், உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலுக்காக நடந்த மதிப்பீட்டில், சுறா, திருக்கை இனங்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் அழியும் ஆபத்தில். மிகைமீன்பிடிப்பு அவை அத்தனைக்கும் பொதுவான காரணம். பெரிய உழுவை வகைகள் 16இல் 15 மிக ஆபத்தான நிலையில்.

#7 ஊஞ்சமரம்

எல்லாஞ் சரி. ஆனா சுறாவப் பிடிக்கன்னே போற படகு எத்தனை? இறாலுக்கும் மத்த மீனுக்கும் போட்ட இழுவை வலை மடியில தானா ஏறுது. செத்த மீன். நாம வாங்காட்டி கருவாடாகும், இல்லாட்டி கடல்லயே கொட்டிருவாங்க. வாங்கறவன் தலையில பாரத்த ஏத்தறது நாயமில்லீங்க.

#8 தெக்குக்கடல்

ஊஞ்சமரம் சொல்வது பாதி உண்மை. வலைக்கு வலை கணக்கு மாறும், அதைப் பிரித்தே பேசணும்.

இழுவை மடி மூணு நாலு மணி நேரம் இழுபடும். மடிக் கடைசியில் நசுங்கி வரும் குட்டிச் சுறாவைத் திருப்பி விட்டாலும் பிழைப்பது அபூர்வம். அதற்கு மருந்து மேல்தளத்தில் இல்லை, கீழே இருக்கிறது. இழுக்கும் நேரத்தைக் குறைப்பது, ஆற்றுமுகத்தை ஒட்டின ஆழமில்லாத குட்டிபோடும் இடங்களில் அந்தப் பருவம் மடி போடாமல் விடுவது, ஆமைக்காகப் பொருத்தும் கம்பிச் சட்டத்தை ஒழுங்காகப் பொருத்துவது. சட்டத்தில் முட்டிப் பெரிய திருக்கையும் பெரிய சுறாவும் வெளியே போகும், குட்டி இடுக்கில் நுழைந்து உள்ளேதான் போகும். அதனால் கம்பிச் சட்டம் மட்டும் போதும் என்பவர் விவரம் தெரியாதவர்.

ஆயிரங்கால் தூண்டில் வேறு. கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர்ப் பக்கத்தார் ஆழ்கடல் சுறாத் தொழிலில் பேர் போனவர்கள், இது ஏதோ தவறி ஏறும் மீன் இல்லை. இங்கே உயிரோடு விட வாய்ப்பு உண்டு. தூண்டிலுக்கு மேல் கம்பி கட்டினால் சுறா கடித்து அறுக்க முடியாது, நைலான் நரம்பு கட்டினால் அறுத்துக்கொண்டு போகும். வட்டத் தூண்டில் வாயோரத்தில் மாட்டும், பழைய வளைவுத் தூண்டில் குடலில் போய் மாட்டும். விடுவதென்றால் மீனைத் தண்ணீரிலேயே வைத்து, நீளக்கம்பில் கட்டின கத்தியால் தூண்டிலை ஒட்டி நரம்பை அறுக்கணும். ஒரு பாகம் (ஆறடி) நரம்பை வாயில் தொங்கவிட்டால் அது எங்காவது சுற்றிக்கொள்ளும். கொக்கி போட்டுத் தூக்குவது, வாலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்குவது, செவுளில் கை விடுவது மூன்றும் கொன்றுவிடும், நீந்திப் போனாலும் சரி.

இதிலும் கொம்பன் விதிவிலக்கு. தூண்டிலில் மாட்டின கொஞ்ச நேரத்திலேயே செத்துப்போகும் சாதி. புலிச் சுறா மணிக்கணக்கில் தாங்கும். ஆகவே "குறைந்தபட்ச அளவுக்குக் கீழே இருந்தால் விடு" என்ற விதி புலிச் சுறாவுக்குப் பலிக்கும், கொம்பனுக்குப் பலிக்காது. அதற்கு இடத்தையும் மாதத்தையும் மூடுவதுதான் வழி.

இப்போது வாங்குகிறவர் விஷயம். துடுப்பை அறுத்துவிட்டு உடலைக் கடலில் எறிவது வெளிநாட்டுக் கதை. இங்கே கறிக்கே நல்ல விலை, முழு மீனும் கரைக்கு வரும். துடுப்பு ஏற்றுமதியை மூடின பிறகும் பிடிப்பது தொடர்வதற்கு அதுதான் காரணம். அந்தக் கறி விலையில் உள்நாட்டு ஊர்களுக்குப் பெரிய பங்கு. கேட்கிற ஊர் இருக்கும்வரை படகில் சுறாவுக்குத் தனி ஐஸ் பெட்டி இருக்கும்.

குசராத்தில் 2004இல் தொடங்கின திமிங்கலச் சுறாப் பிரசாரத்தைப் பாருங்கள். வலையை அறுத்து விட்டவர்களுக்கு வலைக்கு நட்டஈடு கொடுத்தார்கள், நூற்றுக்கணக்கில் உயிரோடு போயின. சட்டம் அதற்கு மூணு வருசம் முன்பே இருந்தது, அது மட்டும் போதவில்லை.

#9 உக்கடம்தராசு

தடைக்காலத்தைப் பத்தியும் சொல்லிடறேன், வாங்கறவங்க ஏமாறற எடம். கிழக்குக் கடல்ல ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகு போகாது. மேற்குல தமிழ்நாட்டுக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31. கேரளாவுல இழுவைப் படகுக்கு ஜூன் ரெண்டாம் வாரத்துல ஆரம்பிச்சு ஜூலை கடைசி வரைக்கும். நம்ம மார்க்கெட்டுக்கு ரெண்டு கரையில இருந்தும் லோடு வர்றதால மே மாசம் சுறா கொறையாது, மேற்குக் கரைச் சரக்கு வந்துட்டிருக்கும். ஜூன் முதல் பாதியிலதான் ரெண்டு பக்கமும் அடைபடும். அப்ப பெரிய சுறா "இன்னிக்கு எறங்குனது"ன்னு சொன்னா, குளிர்பதனத்துல இருந்து வந்ததான்னு ஒரு கேள்வி கேளுங்க.

இன்னொண்ணு, வாடை. சுறா ரத்தத்துலயும் கறியிலயும் யூரியா இருக்குது. செத்த உடனே ரத்தம் வடிச்சு, குடல் எடுத்து, மீனும் ஐஸும் சரிக்குச் சரி போட்டு வந்தா வாடை வராது. லோடு லேட்டாச்சுன்னா கிருமி யூரியாவ அமோனியாவா மாத்திரும், முதுகெலும்பு பக்கம் மூக்கக் கொண்டு போனா சுர்ருன்னு ஏறும். வாடை ஏறுன சரக்குதான் தோலுரிச்சு, மஞ்சத்தூள் தடவிப் புட்டுக்குன்னே தனியா வெச்சிருப்பாங்க. தோலில்லாத துண்டு வாங்காதீங்க. வாங்கற மீனு என்னன்னும் தெரியாது, எத்தனை நாள்னும் தெரியாது.

#10 மிளகுரசம்

பிரசவ வீட்டுக்குன்னு கேள்வி வந்ததால சத்துணவுப் பக்கம் மட்டும் சொல்றேனுங்க.

பால் ஊறறது குழந்தை எத்தனை தடவை குடிக்குதுங்கறதப் பொறுத்தது. ஒரு நாளைக்கு 8லிருந்து 12 தடவை வாய் வெச்சா ஊறும். தாய்க்கு வயிறாரச் சோறும் புரதமும் தண்ணியும் வேணும். அந்தப் புரதம் சுறாவுல இருந்துதான் வரணும்னு இல்ல. புட்டோட பேரே அதுல போடற பூண்டும் மிளகும் இஞ்சியும்தான், என்னைக் கேட்டா.

கவலைப்பட வேண்டியது பாதரசம். சின்ன மீனத் தின்னு வளர்ற பெரிய மீன், அதுலயும் வருசக்கணக்கா வாழ்ற மீன், உடம்புல மெத்தில் பாதரசத்தச் சேத்துக்கிட்டே போகும். அது கறிப் புரதத்தோட ஒட்டிக்கறதால மஞ்சள் போட்டுக் கழுவுனாலும், புளித்தண்ணியில ஊறவெச்சாலும், ரெண்டு தடவை வேகவெச்சுத் தண்ணிய ஊத்துனாலும் போகாது. கழுவுனா யூரியா போகும், அதை வெச்சு "சுத்தமாயிருச்சு"ன்னு நெனச்சுக்கறோம். கர்ப்பிணிகளும் பால் கொடுக்கறவங்களும் சுறாவத் தவிர்க்கணும்னு அமெரிக்காவோட உணவு மருந்து நிர்வாகம் நேரடியாவே பட்டியல்ல போட்டிருக்குது. சின்னப் பால் சுறாவுல கொறைவா இருக்கலாம். ஆனா துண்டு எந்தச் சுறாவுலதுன்னே தெரியாதுங்கறத மேல ரெண்டு பேரும் சொல்லிட்டாங்களே.

மத்தி, நெத்திலி, ஜிலேபி மீன், ரோகு இதெல்லாம் வாரத்துக்கு ரெண்டு மூணு வேளை, வேளைக்கு நூறு கிராம் சொச்சம்னு தாராளமாக் குடுக்கலாம்.

#11 நாமக்கல்தீவனம்

மன்னிக்கோணும், எல்லாரும் புட்டுச் சட்டியையே பாத்துட்டு இருக்கீங்க. கொங்கு நாட்டுக்கும் கடலுக்கும் உள்ள பெரிய கொடுக்கல் வாங்கல் சங்காயம்.

மடியில வர்றதுல மனுசன் திங்காத பொடி மீன், நண்டுக்குஞ்சு, திருக்கைக் குஞ்சு, கையகலச் சுறா எல்லாத்தையும் மணல்ல காயப்போட்டு மூட்டை கட்டறதுக்குப் பேருதான் சங்காயம். அந்த மூட்டை வந்து சேர்ற எடத்துல நாமக்கல் முட்டைக்கோழித் தீவனம் முக்கியமானது. நல்ல மீன் பிடிபாடு கொறைஞ்சு போன கடல்லயும் படகு டீசலுக்குக் கட்டுபடியாகறது இந்தச் சங்காயக் காசுலதான். மேல "தானா ஏறுது"ன்னாரே ஒருத்தரு, தானா ஏறறதுக்கும் விலை வெச்சிருக்கோம். சுறாப்புட்டு வாங்கறவன் ஒரு மீனப் பாத்து வாங்கறான், சங்காயம் வாங்கறவன் கடல் அடித்தளத்த மொத்தமா எடைக்கு எடுக்கறான்.

சூழல் பேச்ச விட்டுட்டுத் தீவனக் கணக்காவே பாத்தாலும் அது நல்ல சரக்கு இல்லீங்க. மூணு கோளாறு. உப்பு: பத்து சதம் உப்புள்ள கருவாட்ட நூத்துக்கு அஞ்சு சேத்தா, அது ஒண்ணுலயே தீவனத்துல அரை சதம் உப்பு ஏறிரும். அதுக்கு மேல தனி உப்பும் போட்டா எச்சம் தண்ணியாப் போகும், முட்டை அழுக்காகும், ஈ மொய்க்கும். மணல்: காயப்போடற எடமே மணல், மூட்டைக்கு மூட்டை மாறும். சால்மோனெல்லாங்கற வயித்துப்போக்குக் கிருமி: ஈரம் பத்து சதத்துக்கு மேல நின்னா வர்ற ஆபத்து ஜாஸ்தி.

இதுல சுறா, திருக்கை கலந்திருந்தா இன்னொரு ஏமாத்து தானாவே நடக்குது. ஆய்வகத்துல நைட்ரஜன அளந்து 6.25ஆல பெருக்கிப் புரதம்னு எழுதறாங்க. பச்சைச் சுறாக்கறி ஒரு கிலோவுல யூரியா சுமார் 20 கிராம். அதுல நைட்ரஜன் 9.3 கிராம். பெருக்கினா 58 கிராம் "புரதம்". கோழிக்கு அதால ஒரு பயனும் இல்ல. வேணும்னே யூரியாத் தூவி விக்கறவன் கதை தனி. அறிக்கைல மொத்தப் புரதம் மட்டும் கேக்காதீங்க, புரதம் அல்லாத நைட்ரஜனும் பெப்சின் செரிமானமும் (புரதம் நெசமா எவ்வளவு செரிக்கும்ங்கற சோதனை) சேத்துக் கேளுங்க.

#12 பவானிக்கூடல்

சொல்றது சுலபமுங்க தீவனம் அண்ணா. சோயாப் புண்ணாக்கு விலை ஏறறப்பெல்லாம் கருவாட்டுக்குத்தான் கை போகுது. எடுத்துட்டா என்ன போடறது, எவ்வளவு போடறது, அதைச் சொல்லுங்க.

#13 நாமக்கல்தீவனம்

ஒரு டன்னுக்கு 50 கிலோ கருவாட்டுத்தூள், புரதம் 45 சதம்னு வெச்சுக்கங்க. அதை எடுத்தா 22.5 கிலோ புரதம் போகுது. 45-46 சதச் சோயா 50 கிலோவே அதுக்குச் சரி. வித்தியாசம் மத்ததுலதான்.

மெத்தியோனின்ங்கற அமினோ அமிலம்: கருவாட்டுல சுமார் 1.2 சதம்னா 600 கிராம், சோயாவுல 0.6 சதத்துக்குக் கிட்ட, 300 கிராம் சொச்சம். ஆக டிஎல்-மெத்தியோனின் 300 கிராம் கூட்டணும். இதை விட்டவங்கதான் "கருவாடு நிறுத்துனதும் முட்டை எடை கொறைஞ்சிருச்சு"ன்னு திரும்பப் போறாங்க. லைசின் ஏறத்தாழச் சமம், நூறு கிராம் கூட்டினாப் போதும்.

பாஸ்பரஸ்: கருவாட்டு முள்ளுல இருந்து வர்றது கோழிக்குச் சேரும், சோயாவுல இருக்கறது பெரும்பாலும் பைட்டேட்டாப் பூட்டிக் கெடக்கும். டைகால்சியம் பாஸ்பேட் 5லிருந்து 7 கிலோ கூட்டணும். பைட்டேஸ் நொதி போட்டா அதுல பாதிக்கு மேல மிச்சம். கருவாட்டோட போன கால்சியத்தையும் டைகால்சியத்தோட வர்றதையும் கணக்குப் பண்ணிக் கிளிஞ்சலச் சரி பண்ணுங்க.

உப்பு: கருவாட்டோட வந்த உப்பு போயிருச்சு, அதனால இப்பத் தனியா 3லிருந்து 4 கிலோ போடணும். இதை மறந்தா கோழி ஒண்ணையொண்ணு கொத்த ஆரம்பிக்கும், தீவனமும் எடுக்காது. பி12 விட்டமின் கலவைல இருக்குதான்னு பாருங்க.

எரிசத்து சோயாவுல கொஞ்சம் கம்மி. எண்ணெய் ஒண்ணு ரெண்டு கிலோ போட்டாச் சரியாகும். எல்லாமே தோராயம், உங்க சரக்கோட அறிக்கைய வெச்சுத் திருத்திக்கங்க. ஒரே நாள்ல மாத்தாதீங்க, வாரத்துக்குப் பாதியா ரெண்டு வாரத்துல மாத்துங்க. கூட்டிக் கழிச்சா, சோயா உச்ச விலையில இருக்கற மாசம் கிலோவுக்குச் சில காசு கூடும். பொய் சொல்றதுல லாபம் இல்ல. ஆனா மணலுக்கும் உப்புக்கும் குடுக்கற காசையும் அந்தப் பக்கம் எழுதிப் பாருங்க.

#14 ஊஞ்சமரம்

சரி, சங்காயத்துக்குப் பதில் சொல்ல எங்கிட்ட ஒண்ணுமில்ல. ஆனா ஒரு சந்தேகம். நாமக்கல் வாங்காட்டி மீன்தூள் ஆலைக வாங்கி இறால் தீவனத்துக்கு அனுப்பிருமே?

#15 தெக்குக்கடல்

அனுப்பும், மறுக்கவில்லை. ஆனால் ஆலைக்கு எண்ணெய்ச் சத்துள்ள மத்தி மாதிரி ஒரே சாதி மீன் மொத்தமாகக் கிடைத்தால்தான் நல்ல விலை. மணலோடு காய்ந்த கலவைச் சங்காயத்துக்கு அந்த விலை இல்லை. வாங்குபவர் ஒருவர் குறைந்தால் விலை இறங்கும், விலை இறங்கினால் கடைசி ஒரு மணி நேரம் மடி இழுப்பது டீசலுக்கே கட்டாது. அவ்வளவுதான் எதிர்பார்க்க முடியும். கூடவே சின்னக் கண்ணி மடியை அரசு பிடிக்கணும், குட்டிபோடும் இடத்தை மூடணும்.

#16 அலைமகள்

சுறா வேறு வழியிலும் வீட்டுக்குள் வரும். முகப் பூச்சுகளில் ஸ்குவாலீன், ஸ்குவாலேன் என்று இருந்தால் "தாவர வகை" என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். ஆலிவ், கரும்பு இரண்டிலிருந்தும் எடுக்கிறார்கள். எழுதாவிட்டால் ஆழ்கடல் சுறாவின் ஈரல் எண்ணெயாக இருக்கலாம். அந்தச் சுறாக்களில் சில வகைகள் ஒரு ஈற்றில் ஒன்றிரண்டு குட்டிதான் போடும்.

சந்தைக் கருவாட்டில் சுறாக் கீற்று வாங்குவதை நான் நிறுத்தச் சொல்வேன். உப்பிட்டு உலர்ந்த கீற்றில் இனம் கண்டுபிடிக்க மரபணுச் சோதனை தவிர வழியில்லை. வேளா மீனின் மூக்கு, திமிங்கலச் சுறா என்று சந்தேகப்படும் துண்டு எங்காவது கண்ணில் பட்டால், விலை பேசாமல் படத்தோடு மாவட்ட வன அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். வாங்கி வைத்துக்கொண்டு சொல்லாதீர்கள், வைத்திருப்பதும் குற்றம்.

#17 நொய்யல்கரை

ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். சட்டம், அடையாளம் ரெண்டும் தெளிவாச்சு. மாமியார் கேட்டா என்ன ஆக்கறது, அது ஒண்ணுதான் பாக்கி. சுறா மாதிரி உதிரியா வர்ற மீன் வேற எது? மிளகுரசம் அக்கா, சொல்லுங்க.

#18 மிளகுரசம்

பால் கொடுக்கறவங்களுக்குன்னா பவானிசாகர், அமராவதி அணை ஜிலேபி மீனே போதும். முக்கால் கிலோவுக்குக் கொறையாத மீனா எடுங்க, சின்னதுல முள் பொறுக்கியே பொழுது போயிரும். ரெண்டு பக்கச் சதைய மட்டும் அறுத்து வாங்கிக்கங்க. முக்கால் கிலோ மீன்ல கால் கிலோதான் சதை தேறும்.

அணை மீன்ல சேத்து வாடை அடிக்கும், உப்பும் எலுமிச்சைச் சாறும் தடவிப் பத்து நிமிசம் வெச்சுக் கழுவுனாச் சரி. தண்ணியில போட்டு வேகவெக்காதீங்க, இட்லித் தட்டுல துணி விரிச்சு எட்டு நிமிசம். ஆறுனதும் அதே துணியில சுத்தி நல்லாப் பிழியணும், சுறாவ விட இதுல தண்ணி ஜாஸ்தி. பிழியாமப் போட்டாக் கூழாயிரும். உதுத்து, மஞ்சத்தூள், மிளகுத்தூள் பெசறி வெச்சிருங்க. நல்லெண்ணெயில சோம்பு, கறிவேப்பிலை, கைநிறையச் சின்ன வெங்காயம், இருபது பல் பூண்டு, இஞ்சி எல்லாம் வதங்கி வெங்காயத் தண்ணி முழுசாச் சுண்டுனப்பறம் மீனப் போடுங்க. தீ கொறைச்சு, கரண்டியோட முதுகால அழுத்தாம, அடியில இருந்து புரட்டிப் புரட்டி ஆறேழு நிமிசம்.

வீட்டுல மத்தவங்களுக்குன்னா சூரை மீன் இன்னும் உதிரியா வரும். நடுவுல இருக்கற கருஞ்சதைய மட்டும் நீக்கிருங்க, அதுலதான் கவுச்சி. கடல் விராலும் நல்லா இருக்கும், விலைதான் கையக் கடிக்கும்.

#19 பவானிக்கூடல்

தீவனம் அண்ணா, அறிக்கைக்கு மாதிரி எப்படி எடுக்கறது? போன கேள்விலயே கேட்டிருக்கோணும்.

#20 நாமக்கல்தீவனம்

லோடுல பத்து மூட்டைக்கு ஒண்ணுன்னு எடுங்க, மேல் மூட்டை மட்டும் இல்ல, அடி மூட்டையும். ஒவ்வொண்ணுலயும் குழல் குச்சிய மூலைக்கு மூலை சாய்வா விட்டு எடுத்து, தார்பாய்ல கொட்டிக் கலந்து, நாலாப் பிரிச்சு எதிரெதிர் ரெண்ட மட்டும் வெச்சுக்கங்க. அரைக் கிலோ ஆகற வரைக்கும் இதே மாதிரி. காத்துப் புகாத கவர்ல ரெண்டாப் போட்டு, ஒண்ண ஆய்வகத்துக்கு அனுப்பி, ஒண்ண நீங்க வெச்சுக்கங்க. கேக்க வேண்டியது: ஈரம், மொத்தப் புரதம், புரதம் அல்லாத நைட்ரஜன், அமிலத்துல கரையாத சாம்பல் (மணல் எவ்வளவுன்னு காட்டறது), உப்பு. மணலுக்கு மட்டும் கடையிலயே பாக்கணும்னா ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணியில ஒரு கரண்டி போட்டுக் கலக்கி ரெண்டு நிமிசம் விடுங்க, அடியில தங்கறது என்னன்னு விரலால தேச்சுப் பாத்தாத் தெரிஞ்சு போகும்.